தமையனை நினைந்த தோரோ

உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர் தம் துயரை ஆற்றும் வகை பல. அழுது ஆறுவார் சிலர். விளக்கேற்றி வழிபடுவார் சிலர். பண்டைத் தமிழ்ப் புலவர் கையறுநிலை பாடினர். அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ தம் தமையனுக்காக ஒரு நூல் முழுவதையும் எழுதினார். எனினும் அந்நூலில் ஓரிடத்தும் அவர் பெயரைக் கூறினாரல்லர்.

தோரோ 1817 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் நாள், மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்றவர். தம்பி தனிமை விரும்பி. தமையன் யோனோ எல்லாரோடும் கலந்து மகிழ்பவர், பறவைகளில் மிக்க ஈடுபாடுடையவர். 1837 இல் ஹாவாட் கல்லூரியை விட்டு வந்த தோரோ, ஊர்ப் பாடசாலையில் ஆசிரியரானார். மாணாக்கரை அடித்தே திருத்த வேண்டுமென மேலோர் வற்புறுத்தவே, சில நாள்களில் அப்பதவியைத் துறந்தார். பின்னர்த் தமையனும் தம்பியும் சேர்ந்து தாமே ஒரு பாடசாலை நடத்தினர். அங்கே பிரம்புக்கு இடமில்லை. ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, மரத்தையும் புள்ளையும் நேரிற் காட்டிக் கற்பித்தனர்.

1839 ஆம் ஆண்டு இருவரும் தம் கையாலேயே 15 அடி நீளத் தோணியொன்று கட்டி, ஆகஸ்ட் 31 ஆம் நாள் கொன்கோட், மெரிமாக் ஆறுகளின் வழியே இரு கிழமைப் பயணம் புறப்பட்டனர். அண்ணனும் தம்பியும் ஒரே தோணியிற் சென்று களப்பில் வலைவீசும் எங்கள் கொக்கிளாய் மக்களுக்கு அவ்வுறவை விளக்க வேண்டுவதில்லை. பின்னர் ஒரே பெண்ணை இருவரும் விரும்பி, இருவரும் மறுக்கப்பட்ட காலத்தும் அவ்வன்பு குலையவில்லை.

1841 இல் யோனின் உடல் நலிவுற்றமையாற் பாடசாலை மூடப்பட்டது. 1842 சனவரி முதலாம் நாள் சவரக் கத்தியைத் தீட்டுகையில் அவர் விரலிற் சிறு காயம் உண்டாயிற்று. யாரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கிழமை கழிந்ததும் தாடை இறுகிற்று; ஏற்புவலி கண்டது. அந்நோயின் நஞ்சை முறிக்கும் வழியைப் பேரிங்கும் கித்தசாத்தோவும் கண்டது 1890 இலேதான். ஆகவே மருத்துவராற் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. இரவும் பகலும் பணிவிடை செய்த தம்பியின் கைகளிலேயே சனவரி 11 ஆம் நாள் யோன் உயிர் நீத்தார்.

அப்பொழுது தோரோவுக்கு வயது 24. முதலில் அவர் அழவுமில்லை, கலங்கியதாகக் காட்டவுமில்லை. ஆனால், சில நாள்களில் அவர் உடலிலும் அதே நோயின் குறிகள் தோன்றின. காயம் எதுவுமின்றியே தாடை இறுகக் கண்டு வீட்டார் நடுங்கினர். வாயடக்கிய துயரம் உடல்வழியே வெளிப்பட்டதுபோலும்! அம்மாதத்திலேயே அவர் நண்பர் எமேர்சனின் ஐந்து வயது மகனும் காய்ச்சலால் இறந்தான். தோரோ உயிர் தப்பினார். எனினும் அவருடைய நாட்குறிப்பு பல வாரங்கள் எழுதப்படாதே கிடந்தது. இருவரும் கட்டிய தோணியை அவ்வாண்டிலேயே எழுத்தாளர் ஹோதோணுக்கு ஏழு டொலருக்கு விற்றுவிட்டார்.

தோணியை விற்றவரால் அப்பயணத்தை மறக்க இயலவில்லை. 1845 யூலை 4 ஆம் நாள் வோல்டன் குளக்கரையிற் சிறுகுடில் அமைத்துக் குடிபுகுந்தார். எளிய வாழ்வை ஆராயவே அங்குச் சென்றார் என்பர். அஃது உண்மையே, ஆயினும், அக்குடிலில் இருந்து அவர் எழுதிய முதல் நூல் தமையனோடு சென்ற ஆற்றுப்பயணத்தைப் பற்றியதே. இரு கிழமைப் பயணத்தை ஒரு கிழமையாகச் சுருக்கி, பகவற்கீதை முதலிய நூல்களைப் பற்றிய சிந்தனைகளையும் அதனுட் சேர்த்தார். காந்தியடிகள் போற்றிய ஒத்துழையாமைக் கட்டுரை வெளிவந்த 1849 ஆம் ஆண்டிலேயே இந்நூலும் வெளிவந்தது. அச்சிட்ட ஆயிரம் படிகளில் 706 படிகள் விலைபோகாது 1853 இல் அவரிடமே திரும்பி வந்தன. அவற்றைத் தாமே சுமந்து மேன்மாடத்தில் அடுக்கி வைத்தார்.

அந்நூலிலே தமையன் நோயுறுவதில்லை, இறப்பதுமில்லை. நாம் சென்றோம், நாம் கண்டோம் என்றே நடை செல்கிறது. பெயரிட்டுப் புலம்பியிருப்பின் யோன் இறந்தவராகவே நின்றிருப்பார். நாம் என்ற சொல்லினுள்ளே அவர் என்றும் தண்டு வலித்துக்கொண்டிருக்கிறார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் யோனின் முடிவைப் பேசுகையில் தோரோவின் முகம் வெளிறும் என்பர்.

1862 மே 6 ஆம் நாள், தமது 44 ஆம் வயதிற் கயரோகத்தால் தோரோவும் மறைந்தார்.

உடன்பிறந்தாரை இழந்த இல்லங்கள் நம் வன்னியில் மிகப்பல. சுவரிலே படம் மாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவரோடு செய்த தொழிலை விடாது செய்தலும், அவரோடு கண்டவற்றை இளையோர்க்கு எடுத்துரைத்தலும் நினைவுகூரலேயாம். தோரோவின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.