பதவியைத் துறந்த கலீஃபா

கி.பி. 661-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூஃபா நகரில் கலீஃபா அலீ கொல்லப்பட்டார். நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமாவுக்கும் அலீக்கும் பிறந்த தலைமகன் ஹசனைக் கூஃபா மக்கள் அடுத்த கலீஃபாவாக ஏற்றனர். அவரிடம் அவர்களுள் பலர் எதிர்பார்த்தது போர்.

ஹசன் போர் அறியாதவர் அல்லர். 656-இல் மதீனாவில் கலீஃபா உஸ்மானின் வீட்டைக் கிளர்ச்சியாளர்கள் முற்றுகையிட்டபோது, காவல் நின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர் என்பது மரபுச் செய்தி. அதே ஆண்டு ஒட்டகப் போருக்கு முன்பு, தந்தைக்காகக் கூஃபாவில் ஆதரவு திரட்டியவரும் அவரே. மறு ஆண்டு சிஃப்பீன் போரில் முஸ்லிம்களே முஸ்லிம்களைப் பெருந்தொகையில் கொன்றனர்.

இப்போது முஆவியா சிரியாவிலிருந்து படையுடன் வந்தார். ஹசன் மதாயின் அருகே முகாமிட்டிருந்த வேளையில், அவருடைய வீரர்களே கூடாரத்தைச் சூறையாடினர். ஒருவன் தொடையில் குத்தினான். இத்தகைய படையை நம்பி இன்னொரு சிஃப்பீனைத் தொடங்குவதா? அவர் ஆட்சியை முஆவியாவிடம் ஒப்படைத்தார். உடன்படிக்கையின் நிபந்தனைகள் குறித்து வரலாற்றாசிரியர்கள் வேறுபட்டாலும், அலீயின் ஆதரவாளர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு என்பது அதன் மையம். முஆவியா வாரிசை நியமிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்ததாகப் பலர் எழுதியுள்ளனர்; ஆனால் முஆவியா பின்னர் தம் மகன் யஸீதையே வாரிசாக்கினார்.

அந்த ஆண்டை ஸன்னி மரபு 'ஒற்றுமை ஆண்டு' என்கிறது. ஷியாக்களோ அதை நிர்ப்பந்தத்தில் இமாம் எடுத்த முடிவாகக் காண்கின்றனர். அன்று ஹசனுடைய தோழர்கள் சிலர் அவர் தங்களை இழிவுபடுத்திவிட்டதாக முகத்துக்கு நேரே சொன்னார்கள். பகைவனின் வாளைவிட இது கூர்மையானதாக இருந்திருக்கும்.

கிளர்ச்சி பற்றிய இஸ்லாமியச் சட்டம் பெரிதும் அலீயின் நடத்தையிலிருந்தே உருவானது: தப்பியோடும் கிளர்ச்சியாளரைத் துரத்தலாகாது, காயம்பட்டவரைக் கொல்லலாகாது, அவர்தம் உடைமையைப் போர்ப்பொருளாக்கலாகாது. அலீ போருக்குள் வரம்பு விதித்தார் என்றால், மகன் போரையே தவிர்த்தார். உரிமை தம் பக்கம் இருக்கிறது என்று நம்பிய ஒருவர் அதை விட்டுக்கொடுத்ததை, என் பார்வையில், தோல்வி என்று கணக்கிட இயலாது.

மதீனா திரும்பிய ஹசன் 670 வாக்கில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்பது பரவலான குற்றச்சாட்டு. பாட்டனாரின் அருகில் அடக்கம் செய்யப்பட விரும்பினார். அதற்கு எதிர்ப்பு எழுந்தால் இரத்தம் சிந்த வேண்டாம் என்றும் சொல்லிவைத்திருந்தார். எதிர்ப்பு எழுந்தது. உறவினர்கள் உடலை பகீஃ மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.