சிம்லா ஆப்பிளை வளர்த்த அமெரிக்கர் ஏன் ஜெயிலுக்குப் போனார்? யார் இந்த சத்யானந்த் ஸ்டோக்ஸ்?

ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில பழக்கடையில நிக்கிறீங்க. ஒரு பக்கம் சிம்லா ஆப்பிள். இன்னொரு பக்கம் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிய வாஷிங்டன் ஆப்பிள், விலையும் கொஞ்சம் கூட. ஒண்ணு நம்ம ஊர் பழம், இன்னொண்ணு ஃபாரின் பழம்னு நினைச்சிருப்பீங்க.

ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்த ரகத்தின் பெயர் ரெட் டெலிஷியஸ். அமெரிக்காவில் பிறந்த இந்த ரகம் இமயமலைச் சரிவுக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைக் கொண்டுவந்து நட்டவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். வந்தவர் திரும்பிப் போகவில்லை. இந்திய விடுதலைக்காகச் சிறைக்குச் சென்று, இந்த மண்ணிலேயே இறந்தார்.

லிஃப்ட் கம்பெனி வாரிசு

சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் 1882-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ம் தேதி, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வசதியான குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு லிஃப்ட் தயாரிக்கும் தொழில். மகனும் அதே தொழிலுக்கு வருவார் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு.

மகனின் மனசு வேறு இடத்தில் இருந்தது. இந்தியாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த மருத்துவர் ஒருவரின் பேச்சைக் கேட்டவர், 1904-ல் கப்பலேறி பம்பாய் வந்து இறங்கினார். அப்போது வயது 21. சிம்லா மலையடிவாரத்தில் உள்ள சபாத்து தொழுநோய் இல்லத்தில் வேலையைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே காங்ரா பள்ளத்தாக்கை நிலநடுக்கம் உலுக்கியது. 1905 ஏப்ரல் 4-ல் நடந்த அந்தப் பேரழிவில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஸ்டோக்ஸ் நிவாரணப் பணிக்குப் போனார். பிறகு சிம்லாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், சட்லெஜ் ஆற்றுக்கு மேலே இருக்கும் கோட்கர் என்ற மலைக்கிராமப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே சில ஆண்டுகள் துறவி போல வாழ்ந்தார். உடைமை எதுவும் வைத்துக்கொள்ளாமல், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்தார். மலைமக்கள் அவரை மதித்தார்கள், கும்பிட்டார்கள். ஆனால் அவரைத் தங்களில் ஒருவராக நினைக்கவில்லை. வெள்ளைக்காரச் சாமியார் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் விருந்தாளிதான், இல்லையா?

ஸ்டோக்ஸ் துறவறத்தை விட்டார். 1912 செப்டம்பரில், அந்தப் பகுதியின் கிறிஸ்தவ ராஜபுத்திரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸைத் திருமணம் செய்துகொண்டார். பாரோபாக் என்ற இடத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, விவசாயியானார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஏன் ஆப்பிள்?

சொந்தமாக ஏர் பிடித்துப் பார்த்த பிறகுதான், அந்த மலையில் வறுமை ஏன் தீரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. படிக்கட்டு மாதிரி வெட்டிய சின்னச் சின்ன வயல்கள். கோதுமை, பார்லி, பருப்பு போட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்கே இழுபறி. கையில் காசு நிற்க வழியில்லை. அந்தச் சரிவுக்கும் குளிருக்கும் பொருந்தும், விற்றால் பணம் தரும் ஒரு பயிர் தேவைப்பட்டது.

ஆப்பிள் அந்த மலைகளுக்கு முற்றிலும் புதுசு இல்லை. 1870-லேயே கேப்டன் ஆர்.சி. லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் தோட்டம் போட்டிருந்தார். ஆனால் அவை காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் போன்ற, புளிப்பு தூக்கலான இங்கிலாந்து ரகங்கள். வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் சுவை பிடிக்கும். சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து 'பை' சுடும் வீட்டில் அந்தப் புளிப்பு ஒரு பலம். நம்ம ஊர் சந்தையிலோ பழம் என்றால் கடித்தவுடன் இனிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஸ்டோக்ஸின் கணக்கு வேலை செய்தது. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த ஒரு மரம், இனிப்பான சிவப்புப் பழம் கொடுத்தது. அதன் உரிமையை வாங்கி நாடு முழுக்க விற்றது மிசௌரி மாகாணத்தின் ஸ்டார்க் பிரதர்ஸ் நாற்றுப்பண்ணை. அதுதான் டெலிஷியஸ். அந்தக் கன்றுகளை வரவழைத்து 1916-ல் பாரோபாக்கில் நட்டார் ஸ்டோக்ஸ். 1921-ல் அவருடைய அம்மா கிறிஸ்துமஸ் பரிசாகக் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகளை அனுப்பிவைத்தார்.

இந்தச் சிவப்பும் மஞ்சளும் நல்ல ஜோடி. ரெட் டெலிஷியஸ் தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய்க்காது. பக்கத்தில் வேறு ரகம் பூத்திருக்க வேண்டும், தேனீ வந்து மகரந்தம் மாற்ற வேண்டும். அதற்குக் கோல்டன் டெலிஷியஸ் தோதான துணை. சமையலிலும் இரண்டுக்கும் வேறு வேறு குணம். ரெட் டெலிஷியஸை அப்படியே கடித்துச் சாப்பிடலாம், வேகவைத்தால் குழைந்து சப்பென்று ஆகிவிடும். கோல்டன் டெலிஷியஸ் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். 'பை', அல்வா மாதிரி ஏதாவது செய்து பார்க்க நினைத்தால் மஞ்சள் பழத்தை எடுங்க.

இன்னொரு விஷயம். ஆப்பிள் விதையைப் போட்டு முளைக்க வைத்தால் தாய்மரத்தின் பழம் வராது. ஒட்டுக்கட்டித்தான் ரகத்தைக் காப்பாற்ற முடியும். நாட்டு வேர்க்கன்றில் ஒட்டிய மரம் நல்லபடியாகக் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். சாப்பாட்டுக்கே திண்டாடுபவர், கோதுமை நிலத்தில் மரம் நட்டு எட்டு வருஷம் காத்திருப்பாரா? அக்கம்பக்கத்தினர் தயங்கியதில் ஆச்சரியமில்லை. அதனால் ஸ்டோக்ஸ் முதலில் தன் நிலத்தில் செய்து காட்டினார். கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார். வளர்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். 1926-ல் பாரோபாக் பழம் விற்பனைக்குப் போனது. அதன் பிறகு ஊரின் தயக்கம் மெல்ல உடைந்தது.

தோட்டத்திலிருந்து சிறைக்கு

மரங்கள் வளர்ந்துகொண்டிருந்த அந்தப் பத்தாண்டில் இன்னொரு வேலையும் நடந்தது. மலைப்பகுதிகளில் 'பேகார்' என்ற கொடுமை இருந்தது. சுற்றுலா வரும் ஆங்கிலேய அதிகாரிகள், விருந்தாளிகளின் மூட்டை முடிச்சுகளை ஊர் மக்கள் சுமக்க வேண்டும். அறுவடை நேரமாக இருந்தாலும் வயலை விட்டுவிட்டு வர வேண்டும். கூலி கிடையாது, அல்லது பெயருக்கு ஏதோ கிடைக்கும்.

ஸ்டோக்ஸ் ஊர் மக்களைத் திரட்டினார், அதிகாரிகளுக்கு எழுதினார், பத்திரிகைகளில் எழுதினார். கோட்கர் மக்கள் சுமை தூக்க மறுத்தார்கள். 1921-ல் நிர்வாகம் இறங்கிவந்தது. தன் நேரமும் உடம்பும் தன் கையில் இல்லாத ஒருவரால் எட்டு வருஷத்துக்குத் திட்டமிட்டு மரம் வளர்க்க முடியாது. இந்தப் போராட்டமும் ஆப்பிளும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

இதில் ஒரு முரணும் உண்டு. முதல் உலகப் போரின்போது இதே ஸ்டோக்ஸ், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை பார்த்தவர். 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. பிரிட்டிஷ் ஆட்சி மேல் அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. கதர் உடுத்தினார். காங்கிரஸில் சேர்ந்து, அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் இடம்பெற்ற ஒரே அமெரிக்கர் ஆனார். இந்தியர்கள் அரசு வேலையிலிருந்து விலக வேண்டும் என்ற 1921-ம் ஆண்டு அறிக்கையில், காந்தி உள்ளிட்ட தலைவர்களோடு அவரும் கையெழுத்துப் போட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில், லாகூருக்குப் போகும் வழியில் வாகாவில் கைதானார். தேசத்துரோகக் குற்றச்சாட்டில் ஆறு மாத சிறைத் தண்டனை. வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியர்களின் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்றுக்கொண்டதைப் பற்றி காந்தி தன் பத்திரிகையில் எழுதினார். இந்திய விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அமெரிக்கர் என்ற பெயர் ஸ்டோக்ஸுக்கு நிலைத்தது.

மகனின் மரணம், புதிய பெயர்

விடுதலைக்குப் பிறகு அவர் தீவிர அரசியலிலிருந்து மெல்ல ஒதுங்கினார். காங்கிரஸின் எல்லா முடிவுகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. வீட்டிலும் பெரிய இழப்பு. மகன் தாரா எட்டு வயதில் சீதபேதியால் இறந்துபோனான். பாரோபாக்கில் ஸ்டோக்ஸ் நடத்திய பள்ளிக்கு வைத்த பெயரும் தாராதான்.

நீண்டகாலமாக உபநிடதங்களும் கீதையும் படித்துவந்த ஸ்டோக்ஸ், 1932-ல் இந்து மதத்தைத் தழுவி சத்யானந்த் ஆனார். ஆக்னஸ், பிரியாதேவி ஆனார். சுவிசேஷப் பணிக்காக வந்தவர் மதம் மாறியது பலருக்கு அதிர்ச்சி. ஆன்மிகத் தேடல் ஒரு காரணம். தன் பிள்ளைகள் இரண்டுங்கெட்டானாக நிற்காமல் அந்த மலைச் சமூகத்தின் பிள்ளைகளாகவே வளர வேண்டும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். பிறகு தானேதாரில் அவர் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது.

1946 மே 14-ல் ஸ்டோக்ஸ் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் 15 மாதங்கள் இருந்தன.

இன்றைக்கு என்ன நிலைமை?

இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் பொருளாதாரம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி ரூபாய் என்று சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் மூட்டை சுமந்த கோட்கர் பகுதி, வசதியான கிராமங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் ஸ்டோக்ஸ் நட்ட ரகமே இப்போது கவலைக்கும் காரணம். ரெட் டெலிஷியஸ் சரியாகப் பூக்க, குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 1,000 முதல் 1,200 மணி நேரம் குளிர் வேண்டும். பனி குறைய, தாழ்வான இடங்களில் மரங்கள் தடுமாறுகின்றன. தோட்டங்கள் இன்னும் உயரத்துக்கு, கின்னௌர், ஸ்பிதி பக்கம் நகர்கின்றன. குறைந்த குளிரே போதும் என்கிற காலா போன்ற ரகங்களுக்கும், சீக்கிரம் காய்க்கும் குட்டை மரங்களுக்கும் பலர் மாறுகிறார்கள்.

இன்னொரு பக்கம் இறக்குமதி. அமெரிக்க ஆப்பிள் மீது 2019-ல் விதித்த கூடுதல் 20 சதவீத வரியை இந்தியா 2023-ல் நீக்கியபோது, இமாச்சல் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரே குடும்பத்து மரத்தின் இரண்டு கிளைகள், நம்ம ஊர் பழக்கடையில் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

ஸ்டோக்ஸ் கொண்டுவந்த ரகம் நிலைக்குமா என்பது இனி வரும் குளிர்காலங்களைப் பொறுத்தது. தன் நிலத்தில் முதலில் நட்டு, நஷ்டம் வந்தால் அது தன்னோடு போகட்டும் என்று எட்டு வருஷம் காத்திருந்து, பிறகு பக்கத்து வீட்டுக்குக் கன்று கொடுத்தது அவருடைய வழி. ரகம் மாற்ற வேண்டிய இந்த நேரத்தில் மலை விவசாயிகளுக்கு மறுபடியும் தேவைப்படுவது அப்படி ஒரு துணைதான். அடுத்த முறை சிம்லா ஆப்பிளைக் கையில் எடுக்கும்போது இந்தக் கதை ஞாபகம் வரட்டும்.