தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

கூனிமேட்டுக் கரையோரப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடக் கண்டிருப்பீர்கள். மழைக்காற்று தாக்காத பக்கத்திலேயே அவை பெரும்பாலும் தொங்கும். களிமண்ணில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றும் என்பர் முன்னோர். களிமண் உண்மை, விளக்கு கற்பனை.

அக்கூட்டு வாழ்வை ஆராய்ந்து வெளியிட்டவர், 1896இல் மும்பையில் பிறந்த சாலிம் அலி. செருமனியில் பயின்று 1930இல் திரும்பியபோது அவருடைய அருங்காட்சியகப் பணி நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையிழந்தவர் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவியுடன் தங்கினார். ஏணிமேல் துணிமறைவில் அமர்ந்து குருவிகளை நோக்கலானார். வேலை போனதும் ஒருவகையில் நன்றாயிற்று! ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிறுத்தும். பெட்டை வந்து சோதித்து ஏற்றாலன்றி முடிக்காது. அது குடிபுகுந்ததும் ஆண் வேறொரு கூடு முடைந்து மற்றொரு துணையை நாடும். 1931இல் வெளியான இவ்வாராய்ச்சி அவரை அறிஞருலகில் நிலைநாட்டியது. 1987இல் மறைந்த அப்பெரியார், பிற்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வந்து வலசைப் பறவைகளைக் கண்டு சென்றார்.