பி.கே.ரோசி: கல்லெறிந்து துரத்தப்பட்ட முதல் நாயகி

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நிறுவிய அந்நிறுவனமே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ படத்தைத் தயாரித்து 1938இல் வெளியிட்டது. சேலத்தார் இதைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அவ்வேளையில் மலையாளத் திரையின் முதல் நாயகி நாகர்கோவிலில் தம்மை மறைத்துக்கொண்டு வாழ்ந்திருந்தார் என்பதை நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

ரோசி 1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். பெண்கள் திரைக்கு வரத் தயங்கிய அக்காலத்தில், அகத்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி.டேனியல் தமது ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப்படத்தில் அவரை நாயகியாக்கினார். ஏற்ற வேடம் சரோஜினி என்னும் நாயர் பெண்.

குற்றம் அதுதான். படத்தைத் தொடங்கி வைக்க வந்த பெரியமனிதர்கள் அவரோடு ஒரே அரங்கில் அமர மறுத்தனர். தம் படத்தின் முதல் காட்சியைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில், அவர் தலையிலிருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கூச்சல் எழுந்தது, திரைமீது கற்கள் விழுந்தன. படத்தில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர் அறுத்துக் கட்டிய புல்லை வாங்கத் தீட்டுப் பார்க்காத ஊர், அவர் உடுத்திய சாதி இந்துப் பெண்ணின் உடையை நிழலாகக்கூடப் பொறுக்கவில்லை. திருவிதாங்கூரில் கோயில் கதவுகள் தலித்துகளுக்குத் திறந்ததே 1936இல்தான்.

அவருடைய குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநர் கேசவ பிள்ளையையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். பிறகு அவர் நடிக்கவேயில்லை. பிள்ளைகளும் தந்தையின் சாதியாகவே வளர்ந்தனர்.

படத்தால் டேனியலும் நொடித்துப் போனார். நெடுங்காலம் ‘பாலன்’ படமே மலையாளத் திரையின் தொடக்கமாக எண்ணப்பட்டது. இருப்பினும் 1992இல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது நிறுவியது. ரோசியின் முறை வர மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2013இல் ‘செல்லுலாய்டு’ திரைப்படம் அவர் கதையைச் சொன்னது. 2019இல் மலையாளத் திரைப்பெண்கள் தங்கள் திரைக்கழகத்துக்கு அவர் பெயரிட்டனர். சென்னையில் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது.

‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. ஐயமின்றி அவருடையது என்று காட்டத்தக்க ஒரு புகைப்படமும் இல்லை.