பென்சிலால் பூமியின் சூட்டைக் கணித்தவர்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குச் சுவாந்தே அரீனியஸ் என்ற பெயர் நினைவிருக்கும். நீரில் ஐதரசன் அயன்களைத் தருவது அமிலம் என்ற வரைவிலக்கணம் அவருடையது. அவர் வேறொரு கணக்கையும் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது, காலநிலை பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

1859இல் சுவீடனின் உப்சாலா நகருக்கு அருகே ஒரு நில அளவையாளரின் மகனாகப் பிறந்தார். 1884இல் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு உப்சாலாப் பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரத்தையே வழங்கியது. அதில் முளைவிட்ட கொள்கைக்குத்தான் 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவரை வெப்பக் கணக்குக்கு இழுத்து வந்தது பனியுகம். ஒருகாலத்தில் வட ஐரோப்பாவைப் பனிப்பாறைகள் ஏன் மூடிக்கிடந்தன? காற்றில் காபனீரொட்சைட்டு குறைந்ததுதான் காரணமோ என்று அவர் சந்தேகித்தார். 1894 நத்தார் காலத்தில் தொடங்கிய வேலை ஏறத்தாழ ஓராண்டு நீண்டது. அந்த இடைவெளியில் மகன் பிறந்தான், மணவாழ்வு முறிந்தது. துயரை மறக்கவே கணக்கில் மூழ்கினார் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவரை ஓராண்டு கட்டிப்போட அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

முறை எளிமையானது, வீட்டு வரவு செலவு போல. சூரியனிலிருந்து வரும் வெப்பமும் பூமி வெளிவிடும் வெப்பமும் சமப்பட வேண்டும். வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டும் நீராவியும் பிடித்து வைக்கின்றன. எவ்வளவு பிடிக்கின்றன என்பதை அறிய நிலவு உதவியது. நிலவு உச்சியில் நிற்கும்போது அதன் வெப்பம் குறைந்தளவு காற்றைக் கடந்து வருகிறது. அடிவானில் நிற்கும்போது கூடுதலான காற்றைக் கடக்கிறது. அமெரிக்கரான சாமுவேல் லாங்லி எடுத்திருந்த நிலவு அளவீடுகளை ஒப்பிட்டு, காற்று உறிஞ்சும் அளவைப் பிரித்தெடுத்தார். பின்னர் பூமியை 10 பாகை அகலக்கோட்டுப் பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பருவங்களுக்குமாகக் கையால் கணித்தார். சூடேறினால் நீராவி கூடும், பனி உருகும், அவை மேலும் சூடேற்றும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

1896இல் வெளியான அந்த அட்டவணையில் நான் தேடியது நமது வரியை. நிலநடுக்கோட்டுக்கும் வடக்கு 10 பாகைக்கும் இடையில் பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை முழு இலங்கையும் அடங்கிவிடுகிறது. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் அங்கே ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும். வடக்கே போகப் போக 6 பாகை வரை. துருவப் பக்கம் கூடுதலாகச் சூடேறும், பகலைவிட இரவு அதிகம் வெப்பமாகும் என்றும் கண்டிருந்தார். இன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பீடு 2.5 முதல் 4 பாகை வரை. லாங்லியின் தரவுகள் போதாதவை, முகில்கள் மாறுவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

ஆனால் அவர் அஞ்சவில்லை. குளிர் நாடுகளுக்கு இது நல்ல காலநிலையைத் தரும், விளைச்சல் பெருகும் என்று பின்னர் நூலில் எழுதினார். நிலக்கரிப் புகை அந்த நிலைக்குக் கொண்டுவரப் பல நூற்றாண்டுகளாவது எடுக்கும் என்பது அவர் எண்ணம். அட்டவணையில் நமக்கு ஒரு வரி இருந்தது, அந்த மகிழ்ச்சியில் நமக்கு இடமிருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1909இல் சுவீடனில் உருவான இனத் தூய்மைச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் அவரும் இருந்தார். மனிதரைத் தரம்பிரிக்கும் அந்தச் சிந்தனை வளர்ந்து, 1934இல் அந்நாட்டில் கருத்தடைச் சட்டமாகவே வந்தது. இனத்தின் பெயரால் நடந்தவற்றை அனுபவித்த நாங்கள் அவருடைய வாழ்க்கையை வாசிக்கையில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது.

வெப்பக் கணக்கோ நெடுங்காலம் மூலையில் கிடந்தது. ஏற்கனவே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டே உறிஞ்சக்கூடியதையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, கூட்டினாலும் பயனில்லை என்று 1900இல் நுட் ஒங்ஸ்ட்ரம் வாதிட்டார்; பலரும் அதையே ஏற்றனர். அரீனியஸ் 1927 ஒக்டோபரில் ஸ்டொக்ஹோமில் காலமானார். 1938இல் கை கலண்டர் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் உலகெங்குமுள்ள நிலையங்களின் வெப்பமானிப் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கனவே சூடேறத் தொடங்கிவிட்டது என்றார். அவர் பேச்சையும் அப்போது பலர் நம்பவில்லை.