வீதிக்கு இறங்கிய கமரா

உயர்தரம் முடிந்ததும் கொழும்புக்குப் போய்ப் புகைப்படக்கலை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வாப்பா எதுவும் பேசவில்லை. உம்மாதான், முதலில் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பி என்றார். அந்த வாரமே நூலகத்தில் டொரோத்தியா லாங்கின் வாழ்க்கையை வாசித்தேன். அவருடைய தாயும் மகளை ஆசிரியையாக்கவே விரும்பினாராம்!

டொரோத்தியா 1895இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வலது கால் பலமிழந்தது. ஆயுள் முழுவதும் சாய்ந்தே நடந்தார். பன்னிரண்டு வயதில் தந்தை குடும்பத்தைப் பிரிந்து போனார். தாய் நியூயோர்க்கில் நூலகமொன்றில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

பெண்கள் பாடசாலையில் படிப்பை முடித்ததும் டொரோத்தியா புகைப்படக் கலைஞராகத் தீர்மானித்தார். அப்போது அவரிடம் ஒரு கமராகூட இருக்கவில்லை. தாயின் சொல்லுக்காக ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாலும், ஆர்னோல்ட் கெந்தே என்பவரின் ஸ்டூடியோவுக்குத் தாமாகவே போய் வேலை கேட்டு வாங்கினார். முதற் கமராவும் அவர் கொடுத்ததே. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் வைட்டிடம் பயின்றார்.

1918இல் தோழியுடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவில் கையிலிருந்த பணம் களவு போயிற்று. அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. படம் கழுவிக் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சொந்த ஸ்டூடியோவைத் திறந்தார். செல்வந்தர்கள் படமெடுக்க வந்தார்கள்.

1930களின் பொருளாதார மந்தத்தில், ஸ்டூடியோ யன்னலுக்கு வெளியே வேலையற்றோர் அலைவதைக் கண்டார். கமராவைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கினார். 1936 மார்ச்சில், நிப்போமோ என்ற இடத்திலிருந்த பட்டாணி பறிப்போர் முகாமைக் கடந்து ஏறத்தாழ 20 மைல் போனவர், மனம் கேளாமல் திரும்பி வந்தார். அங்கே பிள்ளைகளோடு இருந்த 32 வயதுத் தாயைப் படமெடுத்தார். படங்கள் பத்திரிகையில் வெளியானதும் அரசாங்கம் அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. அவரோ 1965இல் காலமானார்.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். வாப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தத் தாயின் பெயரை அவர் கேட்டாரா?

கேட்கவில்லை. உலகம் அறிந்த அந்த முகத்துக்குரியவர், தமக்கு அதனால் எந்தப் பயனும் கிடைக்கவில்லையென்று பிற்காலத்தில் வருந்தினார். வாப்பாவின் கேள்வி என் நெஞ்சில் தைத்துவிட்டது.

கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கத்தான் போகிறேன். கமராவையும் விடமாட்டேன். சென்ற சனிக்கிழமை, எங்கள் தெருவில் இடியப்பம் விற்கும் ராத்தாவைப் படமெடுத்தேன். முதலில் பெயரைக் கேட்டேன். பிறகு அனுமதி கேட்டேன். கழுவி வந்த படத்தின் முதற் பிரதியை அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றிரவு அந்தக் கதையைச் சொன்னபோது, கொழும்பில் அந்தப் படிப்பு எத்தனை மாதம் என்று வாப்பா விசாரித்தார்.