கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராசசிங்கன்

அசோகரும் இராசராசரும் அக்பரும் காந்தியடிகளும் நம் மாணவர்க்கு நன்கு அறிமுகமானவர்களே. ஆயினும் தாம் பிறந்து வளரும் மலைநாட்டின் கடைசி அரசனை அவர்களுட் பலர் பெயரளவிலும் அறியார். நமுனுகுல மலைச்சாரலில் உள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவனொருவன் ஒருநாள் வகுப்பில் எழுந்து, இந்நாட்டு வரலாற்றில் நம்மவர்க்கும் இடமுண்டோ என்று எம்மை வினவினான். அவனுக்கு அன்று யாம் கூறிய விடையைச் சற்று விரித்து, நம் கல்லூரியின் பழைய மாணவர் முன்னும் ஈண்டு வைக்கின்றோம்.

கண்டி மன்னர் மதுரையிலிருந்து மணமகளிரைக் கொள்ளும் வழக்கம் உடையோர். 1739 இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகவின்றி இறக்க, அவன் தேவியின் உடன்பிறந்தான் சிறீ விசய ராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். இவ்வாறு தொடங்கியதே கண்டி நாயக்கர் மரபு. இவர்கள் குலத்தால் வடுகர், தமிழும் வழங்கியோர், இந்துக்களாய்ப் பிறந்து பௌத்தத்தின் காவலராய் ஆண்டோர். சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து, 1753 இல் உபசம்பதையை மீட்டளித்த கீர்த்தி சிறீ ராசசிங்கன் இம்மரபினனே.

ராசாதி ராசசிங்கன் 1798 இல் இறந்தபோதும் பட்டத்துக்கு மைந்தன் இலன். தலைமை அதிகார் பிலிமத்தலாவை, அரசியின் உறவினனான கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனைத் தேர்ந்து, சிறீ விக்கிரம ராசசிங்கன் எனப் பட்டஞ் சூட்டினான். இளைஞனை ஆட்டிவைத்துத் தானே ஆளலாம் என்பது அவன் கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது. அரசன் தன் கருத்துடையவனாய் வளர்ந்தான். பின்னர் அரசனுக்கெதிரே சதி செய்த குற்றத்துக்காகப் பிலிமத்தலாவை மரணதண்டனை அடைந்தான்.

கரையோரம் 1796 இலேயே ஆங்கிலேயர் கைப்பட்டிருந்தது. 1803 இல் அவர்கள் படை கண்டியுட் புகுந்து, முத்துசாமி என்னும் மற்றொரு நாயக்கனை அரியணையில் அமர்த்தியது. ஆனால் மலைநாட்டுக் காய்ச்சலும் உணவுத் தட்டும் அப்படையை நலிவித்தன. அவ்வாண்டு சூன் மாதத்தில் அது சரணடைந்து அழிந்தது, முத்துசாமியும் கொல்லப்பட்டான். அரசன் தன் தலைநகர்க்கு மீண்டான்.

இன்று கண்டிக்குச் செல்வோர் கண்டு மகிழும் ஏரியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் இவன் காலத்தன. அவ்வேரியை வெட்டியது குடிகளின் ஊதியமற்ற இராசகாரிய உழைப்பு என்பதையும் மறத்தல் கூடாது. பெருந்தலைவர்க்கும் அரசனுக்கும் இடையே பகை முற்றியது. 1814 இல் எகலப்பொலை ஆங்கிலேயரிடம் சேர்ந்தபோது, அரசன் அவன் மனைவியையும் இளஞ் சிறுவரையும் கொல்வித்தான். நம்மவன் என்பதற்காக இக்கொடுமையை மறைப்போமாயின் யாம் ஆசிரியர் ஆகோம். அச்செயல் அவன் குடிகளின் நெஞ்சையும் அவனை விட்டு நீக்கியது.

தேசாதிபதி பிரவுண்றிக் இத்தருணத்தைப் பயன்படுத்திப் படையனுப்பினான். 1815 பெப்ரவரி 18 இல் மெதமகாநுவரைப் பக்கத்தே அரசன் பிடிபட்டான். மார்ச்சு 2 ஆந் திகதி கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. அதில் ஒப்பமிட்ட சிங்களத் தலைவருட் சிலர் தமிழ் எழுத்திலே ஒப்பமிட்டனர் என்பது கருதற்பாலது. அவ்வுடன்படிக்கையே அரசனின் ஆண் உறவினரைப் பகைவர் என்றது; கண்டி நாட்டினின்றும் நீக்கப்பட்ட மலபாரி ஆடவர், அதாவது தமிழர் முதலானோர், அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றித் திரும்புவராயின் படைத்துறைச் சட்டத்தின்படி தண்டனை என்றும் விதித்தது.

1816 இல் அரசன் தேவியரோடு கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டான். திப்பு சுல்தானின் மைந்தர்களை முன்பு வைத்திருந்த கோட்டை அது. பின்னாளில் தில்லியின் பகதூர் சா இரங்கூனுக்கும், பர்மாவின் தீபோ இரத்தினகிரிக்கும் அனுப்பப்பட்டதும் இதே முறைமையினாலேயே. பதினாறு ஆண்டுகள் அங்கிருந்து, 1832 சனவரி 30 இல் அவன் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவன் துயிலிடம்.

ஆயினும் அவன் கதை வேலூரில் முடியவில்லை. நம் ஊவாவில் தொடர்ந்தது. 1817 இல் வெல்லசைப் பகுதியில், துறவு நீங்கிய ஒருவன் தன்னைத் துரைசாமி என்னும் நாயக்க இளவரசனாகக் கூறிக்கொண்டு தோன்ற, சிங்களக் குடியானவர் அவன் பின்னே திரண்டனர். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டான். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெற்றிப்பொலை கலகக்காரரோடு சேர்ந்தான். 1818 நவம்பர் 26 இல் தலை வெட்டுண்டான். ஊவாவின் வயல்களும் கால்நடைகளும் வீடுகளும் அழிக்கப்பட்டன. கண்டியில் வெறுக்கப்பட்ட நாயக்கர் பெயரையே, அன்னியனை எதிர்க்க ஊவா மக்கள் கொடியாகப் பிடித்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். தமிழ் ஆடவர் அனுமதியின்றித் திரும்பின் தண்டனை என்று 1815 இல் எழுதிய அதே ஆட்சி, பத்தாண்டு கழியுமுன்னரே கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரை வருவிக்கத் தொடங்கியது. அவர்கள் கால்நடையாய்க் காடு கடந்து வந்து இம்மலைகளைப் பசுமையாக்கினர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி பலர் இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தோர் சிலர் இன்று நீலகிரியில் முதுமை எய்துகின்றனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

அரசனாயினும் தொழிலாளியாயினும், வேண்டும்போது அழைத்து வேண்டாதபோது அந்நியன் என்னும் வழக்கம் ஒன்றே. அதனை அறிந்தவன் தன்னைத் தாழ்வாக எண்ணான். பிறரையும் அந்நியர் எனத் தள்ளான். வேலூர் செல்லும் பழைய மாணவர் எவரேனும் இருப்பின், பாலாற்றங்கரையில் ஒரு மலரிட்டு வருக. கண்டிக்குச் செல்வோர் ஏரியை வெட்டிய பெயரறியாக் குடிகளையும் ஒருகணம் நினைக்க. இவ்விருவரையும் ஒருங்கே நினைக்கக் கற்பதே வரலாற்றுக் கல்வி என்று எம் மாணவனுக்குச் சொன்னோம்.